திருப்பியக்கா வாங்க மறுத்த கட்டணம்

தொழில் உரிம அலுவலகத்தின் நாலாவது கவுண்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர் திருப்பியக்கா. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தகப்பன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் திருப்புவாள். புகைப்படத்தில் காது தெரியாவிட்டால் திருப்புவாள். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே வால் நீட்டியிருந்தால் அதற்கும் ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டுவாள். எலக்ட்ரீஷியன், வெல்டர், பாய்லர் பார்ப்பவர், கிரேன் ஓட்டுபவர் என்று உரிமம் கேட்டு வருகிறவர்கள் முதல் மூன்று கவுண்டர்களையும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அங்கெல்லாம் வரிசை வாசல் வரைக்கும் போயிருந்தால்தான் நாலாவதுக்கு வருவார்கள்.

அவள் திருப்பி, சரிசெய்து வாங்கிய விண்ணப்பம் எதுவும் மேல்மாடியில் மாட்டிக்கொண்டதில்லை. மற்ற கவுண்டர்களில் சிரித்த முகத்தோடு வாங்கிப் போட்டதெல்லாம் இரண்டு மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதமாக வீட்டுக்கு வந்து சேரும். இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை. அவளும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் எழுதிக் கொடுத்த முதல் கடிதத்தை, தேதி போடவில்லை என்று அவள் திருப்பிக் கொடுத்தாளாம். இதை அவர் முப்பது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் மறுத்ததில்லை. தேதி இல்லாத கடிதத்தை என்றைக்கு எழுதியது என்று எடுத்துக்கொள்வது என்பதுதான் அவள் கேள்வி.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வருகிற சுற்றறிக்கைகளில் எல்லோரும் 'பொருள்' என்று போட்டிருக்கும் முதல் வரியைப் படிப்பார்கள், ஓரத்தில் சுருக்கொப்பமிடுவார்கள், அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள். இதில் பொருள் என்ற இடத்தில் 'உரிம விதிகளில் சில திருத்தங்கள்' என்று மட்டும் இருந்ததால் அது நாலு மேசையை ஐந்து நிமிடத்தில் தாண்டியது. திருப்பியக்கா மட்டும் தேநீர் இடைவேளையில் அதைக் கடைசிவரை படித்தாள். ஆறாம் பக்கத்தில் இருந்தது விஷயம். முப்படைகளில் எதிலாவது குறைந்தது ஓராண்டு பணியாற்றியவர்கள் விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், முதல் புதுப்பித்தல் கட்டணம் மூன்றும் செலுத்த வேண்டியதில்லை. படையில் செய்த வேலை அதே தொழிலாக இருந்தால் அது அனுபவமாகவும் கணக்கில் வரும்.

பிரிவு அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடமே பாக்கி இருந்த மனிதர் அவர். அதுவரை தன் மேசைக்குப் புதிதாக எதுவும் வரக் கூடாது என்பது அவர் வேண்டுதல்.

"சரிம்மா. யாராவது கேட்டா குடுங்க."

"கேக்கணும்னா தெரியணுமே சார். யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சவங்க கேப்பாங்க. நாமளா எதுக்குக் கிளறணும்?"

இரண்டு மாதம் ஓடியது. ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வெல்டர் வந்தார். தோள்பட்டை கதவளவு இருக்கும். குரல் மட்டும் உள்ளே போயிருந்தது. படிவம் சுத்தமாக இருந்தது. அனுபவம் என்ற கட்டத்தில் 'நான்கு வருடம், இராணுவ வாகனப் பணிமனை' என்று எழுதி, கட்டணம் கட்டிய ரசீதைக் குண்டூசியால் குத்தியிருந்தார். திருப்பியக்கா அதைக் கண்ணாடிக்குக் கீழே வெளியே தள்ளினாள்.

"என்ன மேடம் தப்பு?"

"பணம் கட்டியிருக்கீங்க."

அவருக்குப் புரியவில்லை. "கட்டாம எப்படி மேடம்?"

"கட்டக் கூடாது. பட்டாளத்துல இருந்தவங்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்த ரசீதைக் காசாளர்கிட்ட குடுத்துப் பணத்தை வாங்கிட்டு வாங்க. ரசீது இல்லாம வந்தாத்தான் நான் வாங்குவேன்."

பின்னால் நின்றவர், "இதுக்குமா திருப்புவாங்க" என்று முணுமுணுத்தார். வெல்டர் ஏதோ வம்பு என்று நினைத்து, மூன்றாவது கவுண்டருக்குப் போய் அதே படிவத்தை நீட்டப் பார்த்தார். அவள் எழுந்து போய் அவரைக் காசாளர் ஜன்னல்வரை கூட்டிக்கொண்டு போனாள். பதினேழு வருடத்தில் அவள் வேலை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து யாரோடும் போனதில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து வருகிற எல்லோரிடமும் முதல் கேள்வியாக அதையே கேட்டாள். "பட்டாளத்துல இருந்தீங்களா?" அழகு நிலையம் வைக்க உரிமம் கேட்டு வந்த பெண், "ஏன்க்கா, என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று சுணங்கினாள். அவளுக்கு அடுத்து நின்ற மெலிந்த நர்ஸ், "நான் இருந்தேங்க, ஆறு வருஷம் பட்டாள ஆஸ்பத்திரியில" என்றாள். அதைச் சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டவள் போலச் சுற்றும் பார்த்தாள்.

வெள்ளைத்தாளில் கட்டண விலக்கைப் பெரிய எழுத்தில் எழுதித் தூணில் ஒட்டினாள். மதியத்துக்குள் பிரிவு அலுவலர் கிழிக்கச் சொல்லிவிட்டார். சுவரில் எதையும் ஒட்ட அனுமதி வேண்டும் என்றார். அவள் அனுமதி கேட்டு மனு எழுதினாள், நகலோடு. இல்லை என்று எழுதினால் காரணமும் எழுத வேண்டி வரும். அவர் மூன்று நாள் யோசித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். தாள் மறுபடி தூணேறியது.

கிரேன்காரன் வந்தது அந்தத் தாள் ஒட்டிய பிறகுதான். முப்பது, முப்பத்தொரு வயது. தூணுக்குப் பக்கத்திலேயே அரைமணி நேரம் நின்றவன், தாளைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பட்டாளத்துல இருந்தீங்களா?"

"இல்லங்க."

படிவத்தைப் புரட்டினாள். பள்ளிப் படிப்பு இருந்தது. இப்போது வேலை செய்கிற கிடங்கின் பெயர் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடத்தைக் காணோம்.

"இந்த ஒன்பது வருஷம் என்ன பண்ணீங்க?"

"சும்மா இருந்தேன்."

"அதை எழுதுங்க. கட்டத்தைக் காலியா விடக் கூடாது."

திருப்பினாள். அடுத்த வாரம் 'வீட்டில்' என்று எழுதிக்கொண்டு வந்தான். இப்போது வேறு சிக்கல். பெரிய கிரேன் ஓட்டும் உரிமத்துக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும். கிடங்கில் அவனுக்கு மூன்றுதான் ஆகியிருந்தது.

"ரெண்டு வருஷம் குறையுது. கிரேனை வேற எங்கயும் தொட்டதே இல்லையா?"

அவன் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதை எழுதினா எங்க கிடங்குக்குக் கடிதம் போடுவீங்களா?"

"எதை எழுதினா?"

"வீட்டுக்குப் போடுவீங்களா?"

"விண்ணப்பதாரருக்குத் தவிர யாருக்கும் போட மாட்டோம். விதியே அதுதான்."

வரிசையில் நின்றவர்களை அடுத்த கவுண்டருக்கு அனுப்பிவிட்டு அவனைப் பக்கவாட்டுப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். சட்டைப் பையிலிருந்து அவன் எடுத்த காகிதம் மடித்த இடங்களில் நூல் நூலாகப் போயிருந்தது. எட்டு வருடம் பதினோரு மாதம் படையில் பழுதான கனரக வண்டிகளைத் தூக்கும் கிரேனை ஓட்டியிருக்கிறான். கீழே சிவப்பு மையில்: பணிநீக்கம். காரணம், அனுமதியின்றி வராமை, முப்பத்தொரு நாள்.

"தம்பி காணாமப் போயிட்டான். லீவு கேட்டேன், கிடைக்கல. தேடப் போயிட்டேன்."

"கிடைச்சாரா?"

"இல்லங்க." காகிதத்தை மடித்துக்கொண்டே, "அப்புறம் நானாவே திரும்பிப் போய் நின்னேன். பிடிச்சுக்கிட்டுப் போகல" என்றான். வீட்டில் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தான். மனைவிக்கும் அவ்வளவுதான் தெரியும்.

திருப்பியக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது அவளுக்கு வரவும் வராது. எழுந்து போய் ஏழு பக்கத்தையும் எடுத்து வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். பணியாற்றியவர் என்றால் யார் என்று விளக்கியிருந்த பத்தியை விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். ஓராண்டுக்குக் குறையாத பணி என்று இருந்தது. எப்படி வெளியே வந்தார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"உங்களுக்கும் கட்டணம் கிடையாது. அனுபவமும் சேரும். புதுப் படிவத்துல உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

பிரிவு அலுவலர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது நல்லபடியா வந்தவங்களுக்குத்தாம்மா. அதுதானே அர்த்தம்?"

"அர்த்தம்னு தனியா எதுவும் போடல சார். எழுதினது மட்டுந்தான் இருக்கு."

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"இந்தப் பத்தியைக் காட்டுவேன்."

அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அப்படியானால் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்று அவள்தான் சொன்னாள். பொறுப்பு தன் தலையை விட்டு இறங்குகிறதே என்று அவரும் உடனே சரி என்றார். கடிதத்தை அவளே தட்டச்சு செய்தாள். படை ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் இச்சலுகை பொருந்துமா என்பதைத் தெளிவுபடுத்தக் கோரி, ஒன்றரைப் பக்கம்.

பதில் ஆறு வாரத்தில் வந்தது. உறையில் இரண்டு தாள் இருந்தன. தற்போதைய விதிப்படி பொருந்தும், மேற்படி விண்ணப்பத்தை ஏற்கலாம் என்றது முதல் தாள். இரண்டாவது ஒரு திருத்தம். இனிமேல் விண்ணப்பதாரர் நன்னடத்தையுடன் விடுவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறை.

பிரிவு அலுவலர் இரண்டையும் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். குரலில் குத்தல் இல்லை. "நீங்க கேக்காம இருந்திருந்தா அவங்க இதைக் கவனிச்சே இருக்க மாட்டாங்க."

அவள் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆறு படிவத்தைத் திருப்பினாள், எல்லாம் சரியான காரணத்துக்கு. வீட்டுக்குப் போனதும் கணவர் தட்டை வைத்துவிட்டு, "என்ன, முகம் செத்துக்கிடக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னாள்.

"ஒருத்தனுக்குக் கிடைச்சுதுல்ல?"

"ஒருத்தனுக்குக் கிடைச்சு, மீதிப் பேருக்கு இல்லன்னு ஆயிடுச்சு. என் கையால."

வண்டி ஓட்டுகிறவர் என்பதால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்ததும், "முதல் தேதிக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் அவள் பழைய பதிவேடுகளை இறக்கினாள். குறை காரணமாகத் திருப்பி, மறுபடி வராமல் போன விண்ணப்பங்களுக்கு நினைவூட்டல் அட்டை அனுப்பலாம் என்று விதி இருந்தது. யாரும் அனுப்புவதில்லை. மூன்று வருடப் பதிவேட்டில், வருடங்கள் காணாமல்போன விண்ணப்பங்களாகப் பார்த்துப் பொறுக்கினாள். பதினான்கு தேறின. அவர்களில் யார் படையில் இருந்தவர், யார் சிறையில் இருந்தவர், யார் நிஜமாகவே சும்மா இருந்தவர் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பதினான்கு பேருக்கும் ஒரே வாசகத்தை எழுதினாள். விடுபட்ட ஆண்டுகளின் விவரத்தோடு இம்மாத இறுதிக்குள் நேரில் வரவும். படையில் பணியாற்றியிருந்தால் கட்டணம் இல்லை.

ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேருக்குப் பட்டாளத்தோடு சம்பந்தமே இல்லை. ஒருவர் ஒழுங்காக ஓய்வு பெற்றவர், கூச்சத்தில் எழுதாமல் விட்டவர். மற்ற இருவரிடம் சிவப்பு மை இருந்தது. முதல் தேதிக்கு முன் அந்த மூன்று விண்ணப்பமும் முத்திரையோடு மேல்மாடிக்குப் போய்விட்டன.

நாலாம் தேதி இன்னொருவர் அட்டையைக் கையில் பிடித்தபடி வந்தார். பாய்லர் பார்ப்பவர். வெளியூரில் வேலையாக இருந்ததாகவும் அட்டை நேற்றுதான் கைக்கு வந்ததாகவும் சொன்னார். காகிதத்தை விரித்துக் காட்டினார். மேலதிகாரி மீது கைநீட்டிய வழக்கு.

"கட்டணம் கட்டணும்" என்றாள்.

"இதுல இல்லன்னு போட்டிருக்கே."

"போன மாசம் வரைக்கும் இல்ல. இப்ப உண்டு."

அவர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு நாள்ல என்னங்க மாறிடுச்சு?"

"விதி மாறிடுச்சு." பிறகு, கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "நான் எழுதிக் கேட்டதால மாறிச்சு."

அவருக்கு அது விளங்கவில்லை, விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. காசாளர் ஜன்னலுக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். அவள் ரசீது எண்ணைப் பதிந்து வாங்கிக்கொண்டாள்.

கிரேன்காரன் செய்முறைத் தேர்வில் முதல் தடவையே தேறினான். உரிமத்தை வாங்க வந்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கவுண்டரை விட்டு நகராமல் நின்றான்.

"விண்ணப்ப நகலை வீட்டுல மேசை மேலயே வெச்சுட்டேன். எடுத்துச் சொல்ல வாய் வரல."

"படிச்சாங்களா?"

"படிச்சா. தம்பியைத் தேடத்தானே போன, இதுக்கா மூணு வருஷமா முழுங்கிக்கிட்டு இருந்தேன்னு திட்டினா. ரெண்டு நாள் பேசல. பொய் சொன்னதுக்கு."

"அது சரிதான்" என்றாள் திருப்பியக்கா.

அவன் இப்போது துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறான். அவள் அந்தத் திருத்தத்தை மறுபரிசீலனை செய்யக் கோரித் தலைமை அலுவலகத்துக்கு இதுவரை இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாள். முதலாவதற்கு, பெறப்பட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. மூன்றாவதைத் தட்டச்சு செய்து தேதி மட்டும் போடாமல் இழுப்பறையில் வைத்திருக்கிறாள். ஒரு நினைவூட்டலுக்கும் அடுத்ததற்கும் தொண்ணூறு நாள் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.