செய்தவரைச் சொல்லாத வினை

வலன்ரைன் சேருக்குக் கதிரை ஒத்துவராது. கதவுக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்தபடியேதான் படிப்பிப்பார். "சேரிட்டப் படிச்சால் வரலாறு வருதோ இல்லையோ, கழுத்துநோ வரும்" என்பது வரலாற்றுத்துறைப் பிள்ளைகளின் பகிடி. பேசாலையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் மடுக் கோயிலுக்கும் அகதி முகாமுக்குமாக அலைந்து, முப்பது வயதில் பட்டம் எடுத்த மனிதர்.

முதலாம் வருடத்துக்கு அவருடைய முதல் பாடம் ஒன்றுதான். "மன்னார்க் கோட்டை கட்டப்பட்டது எண்டு எழுதிக்கொண்டு வராதேங்கோ. ஆர் கட்டினது? அதைச் சொல்லாட்டி அது வரலாறில்லை, வதந்தி."

இப்படிப்பட்டவர்தான் இறுதி வருட மாணவி உம்மு குல்சூமின் ஆய்வுத் தலைப்பில் கைவைத்தார். தாராபுரத்துப் பிள்ளை, புத்தளத்து முகாமில் பிறந்து, சண்டை முடிந்தபின் பெற்றோரோடு ஊர் திரும்பியவள். 'மன்னார்த் தீவு முஸ்லிம்களின் வெளியேற்றம், 1990' என்று எழுதியிருந்தாள். 'வெளியேற்றம்' என்பதை வெட்டி 'இடம்பெயர்வு' என்று போட்டார். அவருக்கு அது பிழையாகவே படவில்லை. தாமும் இடம்பெயர்ந்தவர்தானே, மன்னாரில் இடம்பெயராதவர் யார்?

"நீங்கள் ஷெல்லுக்குப் பயந்து ஓடினீங்கள், சேர். எங்கட ஆக்களைப் போகச் சொன்னவை. ஆர் சொன்னதெண்டு எழுத வேணாமோ?" என்றாள்.

"தலைப்புகளை ஏற்கிற குழு மறிச்சுப்போடும். பட்டம் முக்கியம், பிள்ளை."

"அந்தச் சொல் இல்லாட்டி எனக்கு இந்த ஆய்வே வேணாம், சேர்."

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிற பஸ்ஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாராபுரம் வந்ததும் எழும்பி நின்றார். "இறங்கப்போறீங்களோ?" என்று கொண்டக்டர் கேட்க, "இல்லை" என்று மறுபடி இருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் தாமேதான் என்று விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

தலைப்புகளை ஏற்கும் கூட்டத்தில் துறைத்தலைவர் கனகரத்தினம் நயமாகச் சொன்னார்: "இடம்பெயர்வு எண்டு போட்டால் ஒருத்தருக்கும் நோகாது."

"நோகும்" என்றார் வலன்ரைன். "அப்ப எனக்குப் பத்தொன்பது வயது. இயக்கம் துவக்கோட வந்து சொல்லி, எங்கட அப்பாவின்ர வள்ளத்திலயும் அந்தச் சனத்தை ஏத்தினது. நகையைக் கழட்டி வாங்கிப்போட்டுத்தான் ஏறவிட்டவை. நான் பக்கத்தில நிண்டனான். அது வெளியேற்றம்."

கனகரத்தினம் 'வெளியேற்றம்' என்றே பதிந்தார். சொல் தப்பியது.

விறாந்தையில் நின்ற உம்மு குல்சூமிடம் நடந்ததைச் சொன்னார். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார்; பொய் சொல்லக்கூடாது. அவள் முகம் மாறியது.

"மூண்டு வருசமா உங்களிட்டப் படிக்கிறன், சேர். நான் தாராபுரம் எண்டும் உங்களுக்குத் தெரியும். ஒருநாளாவது ஏன் இதைச் சொல்லேல்லை?"

பயம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் இயக்கம் அழிந்தே ஐந்து வருடம் ஆகியிருந்தது.