பனவிளைக்குச் சுமந்துபோன உலகப்படம்

1952, ஆனி மாதம், புதன்கிழமை. காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். நாகர்கோவிலுக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா. நாகர்கோவிலில் எனக்கு யாரும் இல்லை. சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் வேலை நின்றுபோயிருந்தது. தெற்கே போகிற பஸ் முதலில் வந்தது. வேறு காரணம் கிடையாது.

ஆரல்வாய்மொழியில் மலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று காற்றுக்கு வழிவிடுகின்றன. அது ராஜ்ய எல்லை, பஸ் அங்கே நின்றது. யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கப் போலீஸ்காரர் இருவர் ஏறினார்கள். என் மூட்டையை அமுக்கிப் பார்த்தார்கள். உள்ளே கிழிந்த போர்வைதான் என்று கைக்குத் தெரிந்ததும் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். அவர்கள் இறங்கிய பிறகு கண்டக்டர், "காத்துக்கு மட்டும் இங்க சோதன கிடையாது, கேட்டியளா" என்றார். அதற்கப்பால் ஊரே வேறு. செம்மண்ணும் கரிசலும் போய், வயலும் குளமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. சாரல் விழுந்துகொண்டே இருந்தது. நான் தூங்கி விழித்துப் பார்த்தபோதும் அதே பச்சைதான். பஸ் நகர்ந்ததா என்றே சந்தேகமாக இருந்தது.

பத்தரை மணிக்கு நாகர்கோவில். பஸ் நிற்குமிடத்தில் ஒரு பெண்ணுக்கும் கண்டக்டருக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் அவளைவிட உயரமான ஒரு துணிச்சுருள். உள்ளே வைக்க இடம் இல்லை என்றார் கண்டக்டர். மேலே போட்டால் நனையும் என்றாள் அவள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திங்கள்சந்தைக்குப் பத்து மைல், அங்கிருந்து பனவிளைக்கு மூன்று மைல், நனையாமல் கொண்டுவந்து சேர்த்தால் ஒரு ரூபாயும் சோறும் தருவதாகச் சொன்னாள். நான் சரி என்றேன்.

"நீரு ஓடிப்போயிட்டா?"

"எங்கே ஓட? எனக்கு இந்த ஊரில் வழியே தெரியாதே."

அவள் சற்று யோசித்து என் மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்படி என் சொத்து பஸ்ஸிலும் அவள் சொத்து என் தோளிலுமாகப் பனவிளைக்குப் புறப்பட்டன.

அவள் பெயர் ஞானமணி டீச்சர். அந்தச் சுருள் ஓர் உலகப்படம். ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஓலைப்பாயில் சுற்றி, தென்னை நாரால் கட்டி, தோள் மாற்றி மாற்றி நடந்தேன். மழை வலுத்தபோதெல்லாம் பாலத்தடியிலோ கடை இறவாரத்திலோ படத்தை உள்ளே தள்ளிவிட்டு நான் வெளியே நின்றேன். தோட்டியோடு என்ற ஊரைத் தாண்டி ஒரு சாயாக்கடை. அரை அணாவுக்குச் சாயா, ஓரணாவுக்கு அவித்த மரச்சீனிக்கிழங்கு, நம் மரவள்ளிதான். சுருளில் என்ன என்று கடைக்காரர் கேட்டார். உலகம் என்றேன்.

"எங்களுக்க ஊரும் அதுல கிடக்கா?" என்றார்.

ஒரு முழம் பிரித்துப் பார்த்தோம். நீலம் மட்டும்தான் வந்தது. "அப்ப கடலுதான் கூடுதல்" என்று சொல்லிவிட்டு அவர் சாயா ஆற்றப் போனார்.

மாலை ஐந்து மணிக்குப் பனவிளை. மண்டைக்காட்டுக் கடலின் இரைச்சல் கேட்கிற தூரம். ஊர் நடுவில் ஓடு போட்ட நீண்ட கட்டிடம் ஒன்று. அதை ரேந்தை வீடு என்கிறார்கள். ரேந்தை என்பது துணிக்குக் கரை வைக்கிற பின்னல். நாமெல்லாம் லேஸ் என்போம். இருபது பெண்கள் மடியில் உருண்டைத் தலையணை வைத்துக்கொண்டு, அதில் குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இருபது மடியிலும் கட்டைகள் மோதும் ஓசை, ஓட்டின் மேல் விழுகிற மழையோசை, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாசலில் நின்றபடியே எனக்குக் கண் சொருகியது.

பின்னுகிற ரேந்தையை எல்லாம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாங்கிக் கப்பலில் அனுப்புகிறாள். பெயர் கேட்டேன். மதாம்மை என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை, தேவையும் படவில்லை.

இரவு கோவில் சாமான் கொட்டகையில் படுத்தேன். கூரை ஒழுகாத மூலை ஒன்று இருந்தது. அதில் ஏற்கெனவே ஓர் ஆடு படுத்திருந்தது. இருவருக்கும் போதுமான இடம்தான்.

வியாழக்கிழமை. சனிக்கிழமை சரக்கு போகிறது, பெட்டிகளுக்கு ஆணி அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நாளுக்கு எட்டணாவும் கஞ்சியும். தங்கிவிட்டேன்.

மாலை நான்கு மணிக்குக் கட்டைகள் ஓய்ந்தன. தலையணைகளை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்கள் கிழக்குப் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் தூக்கிவந்த உலகம் கிழக்குச் சுவரில் தொங்கியது. டீச்சர் அதைத் தொடவில்லை. முதலில் ஒரு நூலைத் தரையில் வளைத்துப் போட்டாள். இது கடற்கரை. நூலின் ஒரு முனையில் ஒரு குண்டூசி, கன்னியாகுமரி. மறுபக்கம் ஒன்று, குளச்சல். நடுவில் மண்டைக்காடு. அதற்கு மேல் ஒரு கட்டையைக் கிடத்தினாள், அது மலை. பேச்சிப்பாறை அணைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர் எழுதிய துண்டு. படிக்கிறவள் அந்த ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்குப் போகிற வழியையும் சொல்ல வேண்டும். வழி தெரியாமல் வாசித்தால் பாதி மார்க்கு.

ரேந்தையை மறுபக்கமாக வைத்துத்தான் பின்னுவார்கள், ரேந்தையின் நல்ல பக்கம் தலையணையைப் பார்த்திருக்கும். அந்தப் பழக்கத்தில் பாதிப் பேர் எழுத்துகளையும் இடம்வலம் மாற்றியே சிலேட்டில் எழுதினார்கள். டீச்சர் திட்டவில்லை. சிலேட்டுக்கு எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது சுவர்ப் படம். 'த சீ இஸ் நியர். லண்டன் இஸ் ஃபார்.' கடல் பக்கத்தில், லண்டன் தூரத்தில். இதையே ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எனக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும். சேர்த்தால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு சொல்லித் தருகிற விஷயம். நான் ஐந்தோடு நின்றவன். வாசலில் உட்கார்ந்து நானும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

எனக்குப் பக்கத்தில், எல்லாரையும் விட்டுத் தள்ளி, மேற்குச் சுவரில் சாய்ந்து ஒருத்தி இருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். வேதம்மை என்று கூப்பிட்டார்கள். முன்வரிசையில் எஸ்தர் என்ற இளம்பெண் திரும்பி, "சித்தி அங்கன இருந்து உறங்கவாக்கும்" என்றாள். வேதம்மை படத்தின் அடிக்கோடியில் முன்வரிசையே தேடிக்கொண்டிருந்த ஒரு பெயரை அங்கிருந்தே வாசித்தாள். கேப் டவுன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வேதம்மை பின்னுவதைப் பார்த்தேன். அவள் தலையணையைப் பார்க்கவே இல்லை. கண் வாசலுக்கு வெளியே, பனைகளுக்கு மேலே போகிற மேகத்தில் இருந்தது. விரல்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. கனவில் பின்னுகிறாளோ என்று நினைத்தேன். அப்போது தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"ஏலே மக்கா, இதுல ஏதாம் நூலு அத்திருக்கான்னு பாரு. ஆருட்டயும் சொல்லாத."

குனிந்து பார்த்தேன். கொசுவலையைவிட மெல்லிய வேலை. அறுந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு வெள்ளெழுத்து விழுந்து, கிட்டத்தில் இருப்பது மங்கி, இரண்டு வருஷம் ஆகிறதாம். கண்ணாடி போடலாமே என்றேன். கண்ணாடி போட்டவளுக்கு நைஸ் வேலை கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ரேந்தையை அலசிக் கஞ்சி போடுகிற வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். கூலி மூன்றில் ஒன்று. அவள் புருஷன் பனையிலிருந்து விழுந்து படுத்துக் கிடக்கிறான். இதையெல்லாம் ஒரு வருத்தமும் காட்டாமல், வழி சொல்வதைப் போலச் சொன்னாள்.

தப்பிக்க ஒரே ஒரு வாசல் இருந்தது. பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டி அனுப்புகிற மேஜையில் இருந்த ரைட்டர் விலகப்போகிறார். விலாசத்தைப் படிக்கவும், அது எந்த வழியாகப் போகும் என்று சொல்லவும் தெரிந்தவள் இந்த வீட்டிலேயே இருந்தால் அவளுக்குத்தான் அந்த மேஜை என்று மதாம்மை சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் டீச்சரை வைத்ததும், டீச்சர் உலகத்தைத் தேடி அலைந்ததும். சனிக்கிழமை பரீட்சை. வேதம்மையும் எஸ்தரும் நிற்கிறார்கள்.

சனிக்கிழமை பத்து மணி. மதாம்மை வந்தாள். ஒல்லியான, வயதான அம்மாள். தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

எஸ்தரிடம் ஒரு விலாசச் சீட்டைக் கொடுத்தாள். எஸ்தர் அதை ஒரே மூச்சில் வாசித்தாள். எந்த வழி என்று கேட்டதும் சுவரில் தேடினாள், தேடினாள், விரல் கடலிலேயே சுற்றியது. அடுத்து வேதம்மை. சீட்டை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தாள். இன்னும் நீட்டினாள். கைக்கு அதற்குமேல் நீளம் இல்லை.

கட்டைகள் எல்லாம் நின்றுவிட்டன. வேதம்மைக்குக் கற்றதெல்லாம் மறந்துவிட்டது என்று டீச்சர் நினைத்திருப்பாள். வேதம்மை வாயைத் திறந்தால் கண் விஷயம் வெளியே போகும், திறக்காவிட்டால் மேஜை போகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சுத்தியலைக் கீழே வைத்தேன்.

வேதம்மை என்னிடம் வந்து சீட்டைக் கொடுத்தாள்.

"மக்கா, இத எனக்க நேர புடிச்சிட்டு பைய பொறத்தால போ."

நான் பின்னோக்கி நடந்தேன். தலையணைகளைத் தாண்டினேன். "இன்னும்" என்றாள். நான் அடித்த பெட்டிகளைத் தாண்டினேன். "இன்னும் போ, கூச்சப்படாத." வாசற்படியில் இடறி, முற்றத்து வெளிச்சத்துக்குப் போனேன். சீட்டு நனையாமல் ஒரு கையைக் கூரையாக வைத்துக்கொண்டேன். சாரல் என் தலையில் விழுந்தது. உள்ளே இருபது பெண்களும் ஒரு மதாம்மையும் என்னையே பார்த்தார்கள்.

"நில்லு" என்றாள்.

முதலில் விலாசக்காரியின் பெயர். பிறகு தெரு. பிறகு, "மெல்போர்ன்." திரும்பாமலே கையைச் சுவர்ப் படத்தின் பக்கம் நீட்டினாள். "தூத்துக்குடி. கொழும்பு. அதுக்கப்புறம் கடலு, கடலு, கடலு. மெல்போர்ன்."

மதாம்மை அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேதம்மை அதைக் கவனித்தாள். அடுத்து அவள் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கட்டும் என்றுதானோ என்னவோ, ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மதாம்மை, ஐ ரீட் ஃபார். ஐ நோ ரீட் நியர்."

ஆனால் அந்த இரண்டு சொல்லும் அந்த வீட்டில் எல்லாருக்கும் பாடம். ஆடு மேய்க்கிற ஊரில் ஆட்டைப் பற்றி ரகசியம் பேசியது மாதிரி ஆயிற்று. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதாம்மை, வேதம்மையின் தலையணையை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய், பாதி முடிந்திருந்த வேலையை வெகுநேரம் பார்த்தாள். எவ்வளவு காலமாக என்று கேட்டாள். ரெண்டு வருஷம் என்றாள் வேதம்மை. மதாம்மை குண்டூசிகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையணையைத் திருப்பிக் கொடுத்தாள். இன்று முதல் நைஸ் வேலை கிடையாது என்றாள். சட்டம் சட்டம்தான். திங்கட்கிழமை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார வேண்டும். அதுவரை சீட்டைத் தூரத்தில் பிடிக்க எஸ்தர்.

வேதம்மை கும்பிடவில்லை, அழவில்லை. மடியில் இருந்ததைக் காட்டி, "இது மட்டும் நான் முடிச்சிருதேன். கை மாறினா இழுப்பு மாறும்" என்றாள். மதாம்மை சரி என்று தலையசைத்தாள். நான் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு மெல்போர்ன் பெட்டிக்கு ஆணி அடித்தேன்.

திங்கட்கிழமை காலை. மழை இல்லை. வேதம்மையும் நானும் திங்கள்சந்தைக்கு நடந்தோம். அவள் அங்கிருந்து நெய்யூருக்கு, நான் பஸ்ஸுக்கு. ஆணிக்கு ஆட்கள் இனி வேண்டாம் என்றார்கள். எனக்கும் கால் அரிக்கத் தொடங்கியிருந்தது. சந்தைக்கு மரச்சீனிக்கிழங்கு வண்டிகள் வரிசையாகப் போயின. ராத்திரி கடைசி ஊசியை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். எந்த ஊருக்குப் போகும் என்று கேட்டேன். "நாந்தானே இனி சீட்டு ஒட்டணும். அப்பம் பாப்பேன்" என்றாள்.

சந்தை முக்கில் நிற்கும்போது தூரத்தில் சேறு அப்பிய ஒரு பஸ் வந்தது. எனக்கு அது பஸ் என்று மட்டுமே தெரிந்தது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை அவள் ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்து, "நாகர்கோவில். உனக்க வண்டிதான். எங்க போகப்போற மக்கா?" என்றாள். தெரியாது என்றேன். "தூரமா, பக்கமா, அதாவது தெரியுமா?" என்று சிரித்தாள். கண்டக்டர் அதற்குள் விசில் ஊதினார்.

மாலையில் மறுபடியும் ஆரல்வாய்மொழி. வடக்கே திரும்புகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் பச்சை கிடையாது, சாரல் கிடையாது, ரேந்தை கிடையாது. ரயில் ஸ்டேஷன் ஒன்று உண்டு. வேலை இல்லாத நாட்களில் அதன் பெயர்ப்பலகைக்குக் கீழே எத்தனையோ தடவை படுத்திருக்கிறேன். தலைக்கு மேல் அவ்வளவு பெரிதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒருநாளும் படித்தது கிடையாது. மலைகள் விலகின இடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நூறு மைலுக்கு அப்பால் பலகை நின்றது. எஸ். ஏ. டி. இன்னொரு டி. யூ. ஆர். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சாத்தூர் என்று வந்தது.