மூஸ் வேட்டைக்கு ஒரு துவக்கு

என் மகளின் மாமனார் வேட்டைக்குக் கூப்பிட்டபோது நான் ஓம் என்று தலையாட்டியது துணிவால் அல்ல, மரியாதையால்தான்.

கல்யாணம் முடிந்து முதல் தடவையாக அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். மொன்றியலில் இருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். சம்பந்தி கியூபெக்காரர், வீதி போடும் இயந்திரங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். எவரையும் நீ என்றுதான் பேசுவார். வருடா வருடம் அவரோடு மூஸ் என்ற பெரிய காட்டுமான் வேட்டைக்குப் போன நண்பருக்கு முழங்கால் போய்விட்டதாம். மேசையில் இருந்த இறைச்சியைக் காட்டி, "இது போன வருடத்து மூஸ். இந்த வருடம் நீ என்னோடு வா," என்றார் பிரெஞ்சில். பெண்ணைக் கொடுத்த இடத்தில் எப்படி மாட்டேன் என்பது?

திரும்பி வரும்போது காரில் மனைவி கேட்டாள்.

"என்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்?"

"சும்மா மரியாதைக்குத்தான். பேந்து அவர் மறந்திடுவார்."

அவர் மறக்கவில்லை. அடுத்த வாரமே துவக்குச் சுடப் பழகுவோருக்கான பாதுகாப்பு வகுப்புக்கு என் பெயரைப் பதிந்துவிட்டு மகளிடம் சொல்லி அனுப்பினார். நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறு தூங்க வேண்டியவன், ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, வெற்றுத் துவக்கை எப்படிக் கைமாற்றுவது, அதோடு எப்படி வேலி தாண்டுவது என்று படித்தேன். பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டேன்.

பிறகு துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதிப் படிவம் வந்தது. அதில் மனைவியும் கையெழுத்திட வேண்டும். படிவம் மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. அவளுடைய தமையனை யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டார்கள். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. நான்காம் நாள் வேலைக்குப் புறப்படும்போது பேனையோடு வந்து நின்றாள்.

"கையெழுத்துப் போடுறன். ஆனா அது இந்த வீட்டு வாசலுக்குள்ள வரக்கூடாது. பெட்டியோடயும் வரக்கூடாது, உறையோடயும் வரக்கூடாது."

"சம்பந்தி வீட்டிலதான் இருக்கும். பூட்டின அலுமாரிக்குள்ள."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"இல்லை," என்றேன். பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் புரோசார்டுக்கு அப்பால் இருந்த துவக்குக் கடை ஒன்றுக்கு மூவரும் போனோம்: சம்பந்தி, நான், மொழிபெயர்க்க என் மகள். தொழிற்சாலைப் பிரெஞ்சு எனக்கு வரும். சம்பந்தியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத்தான் மாட்டேன். கடைச் சுவர் முழுக்கத் துவக்குகள் நிமிர்ந்து வரிசையாக நின்றன. எண்ணெய் மணம். வாடிக்கையாளர் ஒருவர் குழலைக் கூரைப்பக்கம் திருப்பினார். நான் என்னையறியாமல் மகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்? விலத்துங்கோ," என்றாள்.

சம்பந்தி நேராக 338 மக்னம் என்ற பலத்த துவக்கிடம் போனார். அவரிடம் இருப்பதும் அதுதான். "மூஸ் குதிரையைவிட உயரம். சின்னத் துவக்கின் ரவை பட்டால் சதுப்புக்குள் ஓடிப்போய் அங்கே சாகும். பலம் வேண்டும்," என்றார். விற்பனை மேசையில் நின்றவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். துவக்கை எடுத்து, ரவை போடும் அறையின் போல்ட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தோளில் வைத்துப் பாருங்கள்."

வைத்தேன். அந்தப் பாரம் தோளுக்குப் பழகியதாக இருந்தது.

பதினேழு வயதில் ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் நின்ற சிப்பாய்க்குக் கை அலுத்துவிட்டதோ என்னவோ, தன் துவக்கின் குழலை என் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டான். மதிலில் வைப்பதுபோல. குழலின் வாய் என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் பக்கத்தில் நின்றவனோடு ஏதோ சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அது ஆடியது. மத்தியானம் வரை நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். வேறொன்றும் நடக்கவில்லை. அன்று பின்னேரமே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். நடக்கவில்லை என்பதால் இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கடைக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் ஏதோ கேட்டார்.

"அப்பா, பயமா எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு."

மகள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில், "பயம்தான். ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்," என்றாள். அவ்வளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும் என்பதை அவள் மறந்துவிட்டாள். அல்லது மறக்கவில்லை.

பெண்மணி மக்னத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "இதைவிடச் சின்ன 308 நெஞ்சில் சரியான இடத்தில் பட்டால் மூஸ் விழும். 338 குடலில் பட்டால் விழாது. துவக்கு பின்னால் உதைப்பதற்குப் பயப்படுகிறவன் குடலில்தான் சுடுவான்," என்று சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார். சம்பந்தியின் காது சிவந்தது. அடுத்து குறிபார்க்கும் ஸ்கோப். சம்பந்தி பதினாறு மடங்கு பெருக்கிக் காட்டும் ஒன்றை எடுத்து வைத்தார்.

"நீங்கள் வேட்டையாடுவது வெட்டவெளியிலா, காட்டிலா?"

"காடு. நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது."

"அப்படியானால் இரண்டிலிருந்து ஏழு மடங்கு போதும். அதையும் இரண்டிலேயே வைத்திருங்கள். கிட்ட நிற்கும் மூஸைப் பதினாறு மடங்கில் பார்த்தால் மயிர்தான் தெரியும். முன்பக்கமா பின்பக்கமா என்றே தெரியாது."

இன்றைக்கு ஒன்றும் வாங்கவேண்டாம், முதலில் சுட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டார்.

சுடுபயிற்சித் திடலுக்குச் சம்பந்தியும் நானும் மட்டும் போனோம். அவருடைய மக்னமும், முழங்கால் போன நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு 308உம் இருந்தன. முதலில் மக்னம். மேசையடியில் குந்தி, கன்னத்தை வைத்து, விசையை இழுத்தேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தோளில் யாரோ உலக்கையால் இடித்தது போலிருந்தது. அதோடு நெற்றியில் சுளீரென்றது. கண்ணுக்குள் ஏதோ சூடாக வழிந்தது. தொட்டுப் பார்த்தேன், இரத்தம். ஸ்கோப்பை முகத்துக்குக் கிட்ட வைத்திருந்தேன். துவக்கு பின்னால் உதைத்தபோது அதன் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிட்டது.

சம்பந்தி துணியால் அழுத்திப் பிடித்தார். சிரிக்கவில்லை. தன் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அவர் புருவத்திலும் பிறை போல ஒரு பழைய தழும்பு.

பிளாஸ்டர் ஒட்டியபின் 308ஐ எடுத்தார். இந்த முறை தானே ரவை போட்டு என்னிடம் தந்தார். சுட்டேன். உதை பாதிகூட இல்லை. மறுபடியும் போட்டுத் தந்தார். விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம்தான் வந்தது. ரவை போடாமலே தந்திருக்கிறார். ஆனால் வெடிக்காத துவக்கின் குழல் என் கையில் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. கண்களை இறுக மூடியிருந்தேன். தோள் காதுவரை ஏறியிருந்தது. மனைவியிடம் இல்லையென்றேன், மகளிடம் இல்லையென்றேன். என் உடம்பு அந்த ஒரு டிக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

சம்பந்தி பக்கத்தில் குந்தினார்.

"போரா?" என்று கேட்டார்.

"ஓம்," என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

துவக்கை வாங்கினார். மறுபடி போட்டுத் தந்தார். சில தரம் ரவையோடு, சில தரம் வெறுமையாக, எது எது என்று சொல்லாமல். அதற்குப் பிறகும் மூன்று ஞாயிறுகள் போனோம். குழல் இறங்குவது குறைந்தது. நின்றுவிடவில்லை. ஓகஸ்டில் அதே கடையில் ஒரு 308உம் இரண்டு-ஏழு ஸ்கோப்பும் வாங்கினோம். அது சம்பந்தியின் அலுமாரிக்குப் போனது.

ஒக்டோபரில் ஒரு விடியற்காலை அவர் என்னைக் காட்டின் விளிம்பில் பலகையால் அடித்த மறைவிடம் ஒன்றில் உட்கார வைத்தார். இருவரும் செம்மஞ்சள் மேலங்கி போட்டிருந்தோம். "நான் கிழக்கே முந்நூறு மீட்டரில் இருப்பேன். மத்தியானம்வரை என் இடத்தைவிட்டு அசைய மாட்டேன். நீயும் அசையாதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளிர் எலும்பில் ஏறியது. ஒவ்வொரு சுள்ளி முறியும் சத்தத்துக்கும் நான் திடுக்கிட்டேன். கையில் துவக்கு இருந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குக் கூடியது. தூரத்தில் சம்பந்தி பெட்டை மூஸ் போலக் கத்துவது கேட்டது. இன்னொரு தரம் கத்தினார். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

திடீரென்று அது நின்றது. வந்ததை நான் காணவில்லை. ஐம்பது மீட்டர் இருக்கும். கறுத்த, பெரிய கொம்பன். அதன் மூக்கிலிருந்து ஆவி போனது. பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினேன். ஸ்கோப்பில் முன்னங்காலுக்குப் பின்னால் குறுக்குக் கோடுகளை வைத்தேன். கை நடுங்கவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. விரல் விசையில் ஏறியது.

அப்போது மூஸின் வயிற்றுக்குக் கீழே, அதன் கால்களுக்கு நடுவில், ஸ்கோப்பின் ஓரத்தில், ஒரு செம்மஞ்சள் பொட்டைக் கண்டேன். மேப்பிள் இலை என்றுதான் நினைத்தேன். ஆனால் மேப்பிள் இலைகள் போன வாரமே கொட்டிவிட்டன. பொட்டு அசைந்தது. அதற்குக் கைகள் இருந்தன.

விரலை எடுத்தேனா, அது தானாக எடுபட்டதா, தெரியாது. குழலை நிலத்துக்குத் திருப்பினேன். பிறகு கத்தினேன், முழுத் தமிழில்: "சுடமாட்டன்! சுடமாட்டன்!" மூஸ் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்துக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவில், சம்பந்தி கைகளை உயர்த்தியபடி நின்றார்.

மூஸ் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டு, அதை என் வழிக்குத் திருப்ப இறங்கி வந்திருக்கிறார். வந்து சேர்ந்ததும் கேட்டார்: "நான் எங்கே இருந்தேன்?"

"ஸ்கோப்புக்குள்ளே," என்றேன்.

விழுந்த மரமொன்றில் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்ற முயன்றார். வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். என் துவக்கில் இருந்த ரவைகளை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒன்று கைதவறிச் சேற்றில் விழுந்தது. இருவரும் அதைத் தேடவில்லை. அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பினோம்.

மகளுக்கும் மருமகனுக்கும் மூஸ் அகப்படவில்லை என்று மட்டும் சொன்னோம். மனைவியிடம் மறைக்க முடியவில்லை. அடுத்த நாள் காலை தேநீரோடு இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசனுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டுமில்லை."

"நீங்கள் தமிழில கத்தினது அவருக்கு விளங்கினதோ?"

"சத்தம் விளங்கினது."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

இந்த வருடம் அவர் கூப்பிட மாட்டார் என்று நினைத்திருந்தேன். செப்டம்பரில் தொலைபேசி வந்தது. இரண்டுபேரும் ஒரே மறைவிடத்தில் இருப்போம், ஒரு துவக்குத்தான் கொண்டுபோவோம் என்றார்.

"யாருடையது?" என்று கேட்டேன்.

"உன்னுடையது. நீதான் சுடுவாய்," என்றார்.

என் விரல் புருவத்தில் இருந்த தழும்பைத் தொட்டது. சரி, வருகிறேன் என்றேன்.