எங்கள் வம்சத்தின் சுத்த ரத்தம்

"எங்க பக்கத்துல எவனுக்கும் பைத்தியம் கெடையாது. உங்கம்ம வழியில போய்க் கேளு."

செம்பூர் சித்தப்பா இப்படிக் கத்தினார். சொந்தக்காரர்களிடம் ரத்தம் கேட்பதுதான் ஒரு மாதமாக என் உத்தியோகம். வீட்டில் மனநோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும்: போன இடமெல்லாம் டீ கிடைக்கும், ரத்தம் கிடைக்காது.

என் தம்பி சிவாவுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது நாற்பத்தைந்து. அது பரம்பரையில் எப்படி வருகிறது என்று இங்கே மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்கள். ரத்த உறவில் இரண்டு பேர் கொடுத்தால்தான் சிவாவுடையதையும் எடுப்பார்கள். ஒருத்தி நான். இன்னொருவருக்குத்தான் இந்த அலைச்சல். சேர ஆசைப்பட்டவன் சிவா. "இத்தனை வருஷம் மாத்திரை முழுங்கினதுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்க்கா."

*சித்தப்பாவின் சான்றிதழ்*

"அப்போ உங்க ரத்தம் சுத்தம்னு நிரூபிச்சிடலாமே சித்தப்பா" என்றேன்.

"சுத்தம்னு தெரிஞ்சதை எதுக்குட்டி டெஸ்ட் பண்ணணும்?"

*ரத்ததான வள்ளல்*

தாராவியில் பை விற்கும் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன் முருகேசன் வருஷம் தவறாமல் ரத்ததான முகாமுக்குப் போவான். கையில் ஊசியோடு சிரிக்கிற படத்தை பேனரில் போட்டுக்கொள்வான். இவனை விட்டால் ஆள் ஏது என்று போனேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறானாம். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரு பாட்டில்னாலும் தாரேன்க்கா. பேரு மட்டும் எழுதக் கூடாது."

*அத்தையின் வைத்தியம்*

ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னாள். கிருமியோடு சண்டை போடும் நோய் எதிர்ப்பு மரபணுக்களில் சில மாறுபாடுகள் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாமாம். அப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய உண்டாம், அம்மா அப்பா இரண்டு வழியிலும் வருமாம். அவை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வராதாம்.

இதை அப்படியே மாட்டுங்கா அத்தையிடம் ஒப்பித்தேன். அத்தை சாதாரண ஆள் இல்லை, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பயாலஜி நடத்தியவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"எதிர்ப்பு சக்திதானே கொறைச்சல்? மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் கஷாயம் குடு."

*குடும்ப குரூப்*

நாளை மறுநாள்தான் ரத்தம் கொடுக்கக் கடைசி நாள். என்னைக் கேட்காமலே சிவா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டான். காலையில் ரோஜாப்பூ அனுப்பத் தவறாத முப்பது பேரும் பார்த்துவிட்டார்கள். ஒரு பதில் இல்லை. கல்யாணப் பத்திரிகை நீட்டும்போது மட்டும் நாமெல்லாம் ஒரே ரத்தம் என்கிற கூட்டம் இது. சிவா எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"சனிக்கிழமை காலை பத்து மணி. ஊசி ரொம்ப வலிக்காது, நான் கூடவே நிப்பேன். யாராவது ஒருத்தர் வாங்களேன்."