ஒரு வண்டி அகலம்

என் மேசை இழுப்பறையில் ஓர் இளஞ்சிவப்புத் தாள் இருக்கிறது. கார்பன் நகல். மேல் தாள் நடுவரிடம் போய்விட்டது. இது, பந்தய வளைவில் நின்று பார்த்து எழுதும் அப்சர்வர் வைத்துக்கொள்ளும் பிரதி. தலைப்பில் 'நான்காம் வளைவு' என்று என் கையெழுத்து. கீழே கட்டங்கள்: வண்டி எண், சுற்று, நேரம், அசைவுகள். வண்டி எண் பதினேழு. அசைவுகள் இரண்டு. ஓரத்தில் ஒரு சிறு படமும் உண்டு. பாதையின் விளிம்புக்கு ஒரு கோடு, வண்டிக்கு ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம். எட்டு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டேன். எத்தனையோ சான்றிதழ்களைத் தொலைத்திருக்கிறேன். இந்தத் தாள் மட்டும் தொலையவில்லை.

பதினேழாம் எண் அக்காவுடையது. அக்கா எனக்கு ரத்த உறவு இல்லை. கல்லூரியில் இரண்டு வருடம் மூத்தவள். எங்கள் மாணவர் அணி கட்டிய கார்ட் வண்டிக்கு அவள்தான் ஓட்டுநர். கார்ட் என்பது கூரையோ கதவோ இல்லாத, தரையோடு தரையாக ஓடும் சிறிய பந்தய வண்டி. அதன் பிரேக் என் பொறுப்பு. பட்டறையில் வேலை முடிந்ததும் அவள் உறையூருக்குத் திரும்பாமல், என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை வந்து விட்டுப் போவாள். எங்கள் தெருமுனையில் நிறுத்தி, நான் வீட்டு வாசலை எட்டும்வரை காத்திருந்து, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவாள். எதையும் வரிசை எண் போட்டு எழுதுவது என் பழக்கம். பந்தயத்துக்கு முந்தைய நாள் நான் தரும் பட்டியலில் 'ஓட்டுநருக்குத் தண்ணீர்' பதினாறாவதாக இருக்கும். "என்னை விட நட்டு போல்ட்டுக்கு உன்கிட்ட மரியாதை ஜாஸ்திடி" என்பாள்.

பின்னால் வருகிறவரை முந்தவிடாமல் மறித்து ஓட்டுவது பந்தயத்தில் குற்றமில்லை. அதற்கு ஓர் எல்லை மட்டும் உண்டு: நேர்ப்பாதையில் ஒருமுறைதான் பக்கம் மாறி மறிக்கலாம். மறுமுறை மாறினால் அது இரண்டாவது அசைவு, பெனால்டி. இந்த விதியை அக்கா எனக்குப் புரியவைத்தது கடைவீதி நெரிசலில், ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது. பஸ் வலப்பக்கம் ஒதுங்கி எங்களுக்கு வழியே இல்லாமல் செய்திருந்தது. நான் எரிச்சல்பட்டேன். "அவரைத் திட்டாதே. ஒரு பக்கம்னு முடிவு பண்ணி நிக்கிறாரு பாரு, அது மறிக்கிறது. நாம இந்தப் பக்கம் வந்தா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம்னு ஆட்டம் காட்டினா, அதுக்குப் பேரு அழும்பு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மறிக்கலாம். ஆனா அடுத்தவனுக்கு ஒரு வண்டி அகலமாவது இடம் விட்டுத்தான் மறிக்கணும்" என்றாள். வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதாக அவள் நினைத்திருக்க மாட்டாள். அவளுக்குப் பந்தயம் பந்தயம்தான்.

கல்லூரிகளுக்கிடையிலான அந்தப் போட்டி ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஓட்டப்பாதையில் நடந்தது. அக்காவுக்குக் கடைசி வருடம். இறுதிச் சுற்றில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களை ஒரு பந்தய அணி ஓட்டுநர் தேர்வுக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த அவள் அப்பா, இந்த ஒரு தடவை போய் வா, அப்புறம் வேலையைப் பார் என்று அனுப்பியிருந்தார். பதினெட்டு ஓட்டுநர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

ஒவ்வொரு கல்லூரியும் இரண்டு பேரை அப்சர்வராகக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் வழக்கம். வளைவுகளில் நின்று, யார் என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் வேலை. எந்த வளைவு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எனக்கு நான்காம் வளைவு வந்தது. நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடம். மறிப்பதெல்லாம் அங்கேதான் நடக்கும். சீட்டைப் பார்த்ததும் வேறு கல்லூரி அப்சர்வர் ஒருவன், "உங்கக்கா வண்டி வந்தா கண்ணை மூடிக்குவீங்களா, இல்ல பேனாவை மூடிக்குவீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுவதும் என் தோளில் உட்கார்ந்திருந்தது.

அரையிறுதியின் கடைசிச் சுற்று. முதல் நான்கு பேருக்கு இறுதிச் சுற்றில் இடம். அக்கா நான்காவதாக வந்தாள். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டே வந்தது. அவள் வலப்பக்கம் மாறி உள்வழியை அடைத்தாள். அது ஒன்று. பிறகு, வளைவை அகலமாக எடுப்பதற்காக, பிரேக் போடுவதற்கு முன் மெல்ல இடப்பக்கம், தன் பழைய வழிக்கே திரும்பினாள். என் பேனா நிற்கவில்லை. இரண்டு என்று எழுதினேன். படம் போடச் சொல்லிக் கட்டம் இருந்ததால் படமும் போட்டேன். தாள் போனது, ஐந்து வினாடி பெனால்டி வந்தது, அக்கா ஐந்தாம் இடத்துக்கு இறங்கினாள்.

பதினொன்று ஐம்பதுக்கு முடிவை ஒட்டினார்கள். அரை மணி நேரத்துக்குள் அணித்தலைவர் ஆட்சேபம் கொடுக்கலாம். எங்கள் தலைவன் தாளும் கையுமாகக் கிளம்பியபோது, அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவனைத் தடுத்தது எனக்குக் கேட்டது. "விடுடா. வண்டிக்குள்ள இருந்து எனக்கே சரியாத் தெரியல. அவ எழுதியிருந்தா அது நடந்திருக்கும்."

பன்னிரண்டு ஐந்துக்கு அப்சர்வர்களை எல்லாம் தலைமை நடுவர் பந்தலுக்குக் கூப்பிட்டார். பழைய ராலி ஓட்டுநர். இப்போது டயர் கடை வைத்திருப்பவர். "ஆளாளுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கீங்க போல" என்று ஆரம்பித்தார். "நல்லா கேட்டுக்குங்க. ஒரு தடவை மறிச்சிட்டு, பழைய கோட்டுக்குத் திரும்பி வர்றது ரெண்டாவது அசைவு இல்ல. ஓரத்துல ஒரு வண்டி அகலம் இடம் விட்டிருந்தாப் போதும். புரிஞ்சுதா?" பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்தார். "காலையில எழுதினதுல யாருக்காவது சந்தேகம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க. ஆட்சேபம் வந்தாத்தான் பழைய முடிவைத் திறக்க முடியும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு எட்டு. ஆட்சேபத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. மனதுக்குள் பட்டியல் போட்டேன். நான் எழுதியது அப்போது எனக்குத் தெரிந்த விதிப்படி சரி. இப்போது கை தூக்கினால் சொந்த அணிக்காகப் பேசுவதாக ஆகும். பெண் ஓட்டுநருக்கு இன்னொரு பெண் சலுகை காட்டினாள் என்பார்கள். கேட்க வேண்டியது அணித்தலைவர்தான், அப்சர்வர் இல்லை. நான்கு காரணமும் பிழையில்லாதவை. காலையில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் எனக்கு எதிரே நின்றிருந்தான். நான் கை தூக்கவில்லை.

மதியம் இறுதிச் சுற்றில், முன்னால் போன ஒரு பையன் அதே இடத்தில் அதையே செய்தான். வலப்பக்கம் மறித்தான்; திரும்பி இடப்பக்கம் வந்தான். நான் ஒன்று என்று எழுதினேன். நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். என் தாளை அங்கிருந்தே படித்திருந்தாள்.

"காலையில ரெண்டு. இப்ப ஒண்ணா?"

"நடுவில விளக்கம் சொன்னாங்க அக்கா."

"எத்தனை மணிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். மணியைத் தவறாகச் சொல்ல எனக்கு வராது. "பன்னெண்டு எட்டுக்கு" என்றேன். அவள் கண்கள் ஒரு கணம் கணக்குப் போட்டன. பிறகு "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அன்று மாலையும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். அதை நினைத்தால்தான் இன்றும் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம், பஸ்ஸில் போ என்றிருக்கலாம். பாலத்தில் காற்று பலமாக இருந்தது. தெருமுனையில் இறங்கி "போயிட்டு வரேங்க்கா" என்றேன். தலையை அசைத்தாள். வாசலை எட்டியபோது ஹாரன் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் போயிருக்கவில்லை, நான் உள்ளே போவதற்காகக் காத்துத்தான் நின்றாள். ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் படிப்பை முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அதனால் சமாதானம் ஆவதற்கும் எதுவும் இல்லாமல் போயிற்று.

இப்போது நான் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் தரம் பார்க்கிறேன். எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் வைத்து, ஏற்கலாம் அல்லது கூடாது என்று எழுதும் வேலை. அளவுகோலில் ஒரு சொல் மாறினால்கூட, அன்று காலையிலிருந்து பார்த்த படங்கள் அத்தனையையும் மறுபடி எடுத்துப் பார்ப்பேன். "மேடம் வந்தா காலையில சாப்பிட்ட இட்லியக்கூடத் திரும்ப எண்ணுவாங்க" என்று ஃபோர்மேன் கிண்டல் செய்வார். சிரித்துவிட்டு எண்ணுவேன். அப்பாவும் அம்மாவும் தம்பியோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். நான் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் போனில் கார் பந்தயம் பார்ப்பேன். ஒரே மாதிரி மறிப்புக்கு ஒரு வாரம் பெனால்டி, மறு வாரம் பாராட்டு. கீழே ஆயிரம் பேர் நடுவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு யாரையும் திட்டத் தோன்றாது. அந்த நடுவர்கள் அறையில் காலையில் எழுதிய தாளை எடுத்து மறுபடி பார்க்க ஒருவராவது எழுந்தாரா என்று மட்டும் யோசிப்பேன். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கும். சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான்.

போன ஞாயிறன்று திரையில் அதே காட்சி வந்தது. வலப்பக்கம் மறித்து, இடப்பக்கம் திரும்பிய ஒரு கார். போனை மேசையில் வைத்துவிட்டு இளஞ்சிவப்புத் தாளை எடுத்தேன். இரண்டு என்ற எண்ணை அடித்து ஒன்று என்று எழுதினேன். கீழே, '12.08-க்கே எனக்குத் தெரியும். நான் கை தூக்கவில்லை' என்று எழுதி, படம் எடுத்து, அவளுடைய பழைய எண்ணுக்கு அனுப்பினேன். எண் மாறவில்லை. முகப்புப் படத்தில் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குழந்தை இருந்தது. இரண்டு நீல டிக் விழுந்தன. பந்தயம் முடிந்து கோப்பை கொடுக்கும்வரை பதில் இல்லை.

பிறகு வந்தது. மன்னிப்பைப் பற்றியோ, தேர்வைப் பற்றியோ, இத்தனை வருடத்தைப் பற்றியோ எதுவும் இல்லை. ஒரே வரி.

"ஓரத்துல இடம் விட்டிருந்தேனா?"

வண்டிக்குள் இருந்து அவளுக்குத் தெரிந்திருக்காது. பார்த்தவள் நான் ஒருத்திதான். விதிக்கு விளக்கம் வந்தது அவளுக்கு அன்றைக்கே தெரியும். தான் மறித்தது மறிப்பா, அழும்பா என்பதுதான் எட்டு வருடமாகத் தெரியவில்லை. தாளை விளக்கருகே கொண்டுபோய் ஓரத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன். கோடு. பெட்டி. நடுவில் வெற்றிடம். ஸ்கேலை வைத்து அளந்தேன். பெட்டியின் அகலத்தைவிட வெற்றிடம் கூடுதலாகவே இருந்தது.

"விட்டிருந்தீங்க அக்கா. ஒரு வண்டிக்கு மேலயே" என்று அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. தாளை மடிக்காமல் இழுப்பறையில் பழைய இடத்திலேயே வைத்தேன்.