அக்காவின் விரலை லண்டன் மிஷின் ஒத்துக்கொண்ட கதை

தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் உங்களுக்கெல்லாம் தலை ஞாபகம் வரும். எனக்கு விசா ஞாபகம் வரும்.

சிரிக்காதீர்கள் நண்பர்களே... பழவேற்காட்டுப் பக்கத்தில் விசா விஷயம் என்னைவிடத் தெரிந்தவன் இன்னும் பிறக்கவில்லை. ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறேன், ஆனால் எட்டாவது வரை படித்தவன். (எட்டாவதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்கக்கூடாது.)

சில வருஷம் முன்னால் நடந்தது. என் அக்கா அஞ்சலை ஏரியோரக் குப்பமான பசியாவரத்தில் இருக்கிறாள். அவள் மகள் செல்வி நர்ஸ் வேலைக்கு லண்டன் போனவள். அவள் இருக்கும் ஊர் லண்டனிலிருந்து ரொம்ப தூரமாம். இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு அது லண்டன்தான்.

செல்விக்குத் தலைப்பிரசவம். டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்றுவிட்டார். புருஷன் வேலைக்குப் போனால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. போனில் அழுதேவிட்டாள்.

"யம்மா... நீ பக்கத்துல இருந்தா போதும்மா."

அக்கா அன்றைக்கே பையில் புடவை அடுக்கிவிட்டாள். பஸ் ஏறினால் போய்விடலாம் என்று நினைப்பு. விசா என்றால் என்ன என்று நான்தான் விளக்கினேன். எங்கள் ஏரியில் வலை போடும் இடத்தை 'பாடு' என்போம். ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். முறை இல்லாதவன் இறங்க முடியாது. "அது மாதிரிதான்க்கா. அவன் தண்ணியில நாம இறங்கணும்னா அவன் சரின்னு சொல்லணும்" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டாள். இப்படி விளக்க எந்த வக்கீலாலும் முடியாது.

செல்வி அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் அனுப்பினாள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அக்கா விரலுக்கு மிஷின் கொஞ்சம் முனகியது. எப்படியோ சமாளித்தோம். துணைக்குப் போகலாம் என்று நானும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் சென்னையில் விசா சென்டர். அந்த ஏ.சி.யில் மீனை வைத்தால் ஐஸே வேண்டாம். நான் பேசிய இங்கிலீஷில் கவுன்ட்டர் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். அவள் டீ குடிக்க எழுந்தாள் என்று அக்கா சொல்வாள், நம்பாதீர்கள்.

பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். அக்கா வைத்தாள். மிஷின் சிவப்பாக எரிந்தது. துடைத்து வைத்தாள்... சிவப்பு. அந்தப் பெண் தன் கையாலேயே அழுத்திப் பிடித்தாள்... சிவப்பு.

ரேகையே இல்லை!

எப்படி இருக்கும்? கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவுவாள். கிளிஞ்சலும் இறால் கொம்பும் விரலை அரம் போல அராவிவிட்டன. எங்கள் ரேஷன் கடை மிஷினுக்கும் அவளைத் தெரியாது. அங்கே போனுக்கு நம்பர் அனுப்பி அரிசி கொடுத்துவிடுவார்கள். லண்டன்காரன் விடுவானா?

கவுன்ட்டர் பெண் நல்ல பெண். கையை நல்லா ஆற விட்டு மறுபடி வாங்கம்மா என்றாள். அக்கா வெளியே வந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி... இது என் கையே இல்லைன்னு சொல்லுதா அந்த மிஷினு?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆற விடுவது என்றால் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. பிரசவமோ நெருங்குகிறது. ஆனால் இறங்காவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும்? மறுநாளே பறியோடு கிளம்பிவிட்டாள். கூட இறங்கும் குப்பம்மா கரையிலேயே அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கு, கரையேறும் ஒவ்வொருத்தியும் தன் பறியிலிருந்து ஒரு பிடி இறால் போட வேண்டும்.

"நான் இன்னா புள்ளையாடி பெத்துட்டேன்?" என்றாள் அக்கா.

"உன் பொண்ணு பெறப்போறா இல்ல? அப்ப நீயும் பெத்தவதான். குந்து கரையில."

குந்தினாள். பிடி பிடியாக இறால் விழுந்தது. மீன் ஆய யாரும் விடவில்லை, பாத்திரம் தேய்க்க விடவில்லை. தேங்காய் எண்ணெய் வைத்தியம் என் கண்டுபிடிப்பு. தினமும் தடவி ஊறவிட்டு, சாயங்காலம் ஊரே வந்து பிறை பார்க்கிற மாதிரி அக்கா விரலைப் பார்க்கும். கடைசியில் கோலப்பொடி இழுத்த மாதிரி மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. குப்பம்மாதான் முதலில் பார்த்தாள். நான் என்றும் சொல்லலாம்.

இரண்டாவது தடவை, பத்தும் பச்சை.

விசா வந்தது. அங்கே இறங்கியதும் ஆபீசர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டானாம். நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் மொத்தமும் மறந்துபோய், இல்லாத வயிற்றைக் கையால் வளைத்துக் காட்டி "டாட்டர்" என்றாளாம். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினானாம். வலி எடுத்தபோது செல்வி பிடித்துக்கொண்டது அந்தக் கையைத்தான்.

விசா முடியும் முன்னே ஊர் வந்துவிட்டாள். வந்த புதிதில் ரேஷன் மிஷின் முதல் தொடுதலிலேயே அவளை ஏற்றுக்கொண்டது. கடைக்காரர் மிரண்டுபோனார். அப்புறம் ஏரியில் இறங்கினாள்... இப்போது மிஷினுக்கு மறுபடியும் அவளைத் தெரியவில்லை. பேத்தி வீடியோவில் வா வா என்கிறாள். அக்கா மறுபடி கை ஆறக் குந்துவதற்குக் குப்பம்மா இப்போதே கரையில் இடம் துடைத்து வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒரு கைக்காக ஊரே காத்திருந்தது. இன்றைக்கு என் பத்து விரலும் பளிச்சென்று இருக்கின்றன, பாஸ்போர்ட்டில் ஒரு கறை இல்லை. வாவென்று கூப்பிடத்தான் ஒரு தேசமும் இல்லை.

இருந்தாலும், தலைக்கு வைத்தது போக மிஞ்சும் எண்ணெயை விரலில் தடவிக்கொள்கிறேன்... இருக்கட்டுமே.