முற்றத்துக் குழாயில் பிடித்த தண்ணீர்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு நான்தான் செயலாளர். ஒருநாள் காலை, குடிநீர் மாதிரி எடுக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியை நாங்கள் கழுவி இரண்டு வருடமாகியிருந்தது. இத்தனை நாளும் யாருக்கு என்ன வந்தது என்ற திமிர் எனக்கு. ஆனாலும் அறிக்கை பாதகமாக வந்துவிடுமோ என்று பயந்து, அவரை முற்றத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். அதில் வீதிக் குழாய்த் தண்ணீர் நேரே வரும்.

"இது தாங்கித் தண்ணிதானே?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ்" என்றேன், கூசாமல்.

அவர் போத்தலை நிரப்பி மூடும்போது, படிகளைக் கூட்டுகிற செல்வி அக்காவும் தண்ணீர் பிடிக்க வந்தார். "நான் எப்பவும் இந்தக் குழாயிலதாங்க குடிக்கிறது. மேல டாங்கி தண்ணி வாடை அடிக்குது" என்றார் வெள்ளந்தியாக.

பரிசோதகர் என்னைத் திட்டவில்லை. புதுப் போத்தல் ஒன்றை எடுத்தார். "வாங்கோ, மேல போவம்."

தாங்கியின் மூடி உடைந்திருந்தது. உள்ளே காக இறகுகள் மிதந்தன.

"நான் இதை எழுதத்தான் வேணும். கழுவுறதுக்குத் தெரிஞ்ச ஆக்களை இண்டைக்கே அனுப்புறன்" என்றவர், குரலைத் தணித்துக் கேட்டார். "உங்கட வீட்டிலயும் இதைத்தானே குடிக்கிறீங்கள்?"

அதுவரை ஓர் அதிகாரியை ஏமாற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். மகளின் பள்ளிக்கூடப் போத்தலை அன்று காலை அந்தத் தண்ணீரால்தான் நிரப்பியிருந்தேன்.

இரண்டு மணிக்கு வாசலிலேயே காத்து நின்று, அவள் வந்ததும் போத்தலைப் பறித்துத் திறந்தேன். ஒரு சொட்டும் மிச்சமில்லை.